“ஹார்ட் பேஷண்ட் என்றால் அப்படித்தான்” என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 62. பர்மாவில், பெகு சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பத்து மாதத்துக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்து, ரங்கூனில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் சுருங்கும் திறன் 38 விழுக்காடு என்று எக்கோ பரிசோதனையில் எழுதியிருந்தது. பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், பைசோப்ரோலால், எனலாப்ரில், ஃப்ரூசமைட், மெட்ஃபார்மின் ஆகிய மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். முதல் ஆறு மாதம் நன்றாகவே இருந்தார். இப்போது நான்கு மாதமாக ஓயாத களைப்பு. குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுத்துக்கொள்கிறார். நெஞ்சு வலி என்று சொல்வதில்லை. கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்பதால் பெரும்பாலும் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் ஙப்பி என்னும் நொதித்த மீன் விழுதில் செய்த துவையலும்தான் கொடுக்கிறேன். வெற்றிலை பாக்கை மட்டும் விடமாட்டேன் என்கிறார். “ஹார்ட் பேஷண்ட் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பைசோப்ரோலால்தான் உடம்பைச் சோர வைக்கிறது, அதை நிறுத்திப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். நானாகவே இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. இதயம் மேலும் பலவீனமாகிவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பைசோப்ரோலாலை நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவைப் பாதியாக்கியும் பார்க்க வேண்டாம். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு விரைந்து, நெஞ்சு வலியோ மீண்டும் ஒரு மாரடைப்போ வரக்கூடும். ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகாத ஒருவருக்கு அந்த ஆபத்தை வரவழைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. இதயம் சுருங்கும் திறன் குறைந்தவர்களிடம் இந்த மருந்தைக் கொடுத்து ஐரோப்பாவில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. மருந்து எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆகவே அது உங்கள் வீட்டுக்காரரின் உயிரைக் காக்கும் மாத்திரைகளுள் ஒன்று. அது சோர்வைத் தருகிறதா என்பது கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

உறவினர்கள் சொல்லும் அந்த வாக்கியத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இதய நோயாளிகளின் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் அது. அன்போடும் ஆறுதலாகவும்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டு மாதக்கணக்கில் பொறுத்திருப்பவர்களில் பலருக்கு எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருந்திருக்கும். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது: முதல் ஆறு மாதம் அவர் நன்றாக இருந்தார். மாரடைப்பினால் வந்த பலவீனம் மட்டுமே காரணம் என்றால் அது முதல் நாளிலிருந்தே இருந்து, மெல்லக் குறைந்திருக்க வேண்டும். நன்றாக இருந்தவர் நடுவில் சோர்ந்தார் என்றால், நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது இதயத்திலும் இருக்கலாம், இரத்தத்திலும் இருக்கலாம், தட்டிலும் இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் இதயத்தையே பார்ப்போம். ஆரோக்கியமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் 55 முதல் 70 விழுக்காடு வரை வெளியே தள்ளும். 38 என்பது குறைவுதான் என்றாலும், அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவர் எவ்வளவு நடப்பார், எவ்வளவு சோர்வார் என்று சொல்லிவிட முடியாது. அதே 38 விழுக்காட்டுடன் தினமும் கடையைத் திறந்து நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இதயம் மேலும் தளர்கிறதா என்பதற்கு உடலில் நீர் தேங்குவது நல்ல அடையாளம். மாலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது புறங்காலில் வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை ஒன்றுக்கு இரண்டாக்கிக்கொண்டாரா? நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து ஜன்னலருகே போகிறாரா? காலையில் சிறுநீர் கழித்த பிறகு, உணவுக்கு முன்பு, தினமும் ஒரே தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். மூன்று நாளைக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, நீர். அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நெஞ்சு வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொண்டு நிம்மதி அடைந்துவிட முடியாது என்பதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுப்பதால், இரத்தக் குழாய் மீண்டும் அடைபட்டாலும் சிலருக்கு வலியே தெரிவதில்லை. மூச்சு வாங்குவதாகவோ, நடக்கும்போது கை கால் தளர்ந்து உட்கார வேண்டியிருப்பதாகவோ மட்டுமே அது வெளிப்படும். ஆகையால் அவருடைய களைப்பு உழைப்போடு வந்து ஓய்வோடு போகிறதா, அல்லது படுக்கையிலிருந்து எழும்போதே இருக்கிறதா என்று கவனியுங்கள். உழைப்பில் வந்து சில நிமிட ஓய்வில் முற்றிலும் நீங்குகிற களைப்பு என்றால் குழாய்களை மறுபடி பரிசோதிக்கும் தேவை இருக்கிறதா என்று இதய மருத்துவர் பார்க்க வேண்டும். அதோடு நாடியையும் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். துடிப்புகள் தாறுமாறாக, ஒன்றுக்கொன்று இடைவெளி பொருந்தாமல் வந்தால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் கோளாறாக இருக்கலாம். களைப்பை மட்டுமே காட்டிக்கொண்டு பல மாதம் மறைந்திருந்து, பிறகு பக்கவாதத்தில் கொண்டுவிடக்கூடியது அது. ஒரு ஈ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும், அப்போதைக்குத் தெரியவில்லை என்றால் 24 மணி நேரப் பதிவு எடுக்கலாம்.

இனி மாத்திரைகள். பைசோப்ரோலால் சிலருக்குச் சோர்வு தருவது உண்மைதான், ஆனால் வழக்கமாக அது தொடங்கிய முதல் சில வாரங்களிலோ அளவைக் கூட்டியபோதோ தோன்றி, உடல் பழகியதும் குறைந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தானாக வந்த களைப்புக்கு அதைக் குற்றம் சொல்வதற்கு முன், நான்கு மாதத்துக்கு முன்பு அதன் அளவு கூட்டப்பட்டதா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். இன்னொன்றும் பாருங்கள்: பெகுவில் ஒரு மருத்துவர், ரங்கூனில் ஒரு மருத்துவர் என்று இருவரிடம் காட்டும் நோயாளிகள், ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயர்களில் வாங்கி, அறியாமலே இரட்டை அளவு விழுங்குவது உண்டு. நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கி, தலைச்சுற்றலும் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, இரவு வேளைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

எனலாப்ரிலும், சிறுநீரைக் கூட்டி உடலின் நீரை வெளியேற்றும் ஃப்ரூசமைடும் சேர்ந்து இரத்த அழுத்தத்தை மிகவும் தாழ்த்திவிடலாம். உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடம் ஆனதும் ஒருமுறையும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் விழுந்தால் அந்தத் தளர்ச்சிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. வெயில் காலம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிய வாரங்களில் வேர்வையிலேயே உடல் நீரும் உப்பும் இழக்கும்போது, குளிர்காலத்தில் எழுதிக்கொடுத்த அதே அளவு ஃப்ரூசமைட் அதிகமாகிப்போகலாம். வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படியே. பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். நான்கு மாதத்தில் அது ஒருமுறையும் செய்யப்படவில்லை என்றால் உடனே செய்ய வேண்டிய முதல் பரிசோதனை அதுதான். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எனலாப்ரில் எடுப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிஞ்சினால் தசை தளர்வதோடு இதயத் துடிப்பும் கெடும்.

கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் சிலருக்குத் தொடையிலும் தோளிலும் வலியுள்ள தளர்ச்சியைத் தரும். வலி இருந்தால், தசை கெட்டிருக்கிறதா என்று காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அது அவசரம்.

மருந்துக் கடைகளில் நான்கைந்து மாத்திரைகளைச் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தரும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடல்வலிக்கு என்று அவர் எங்காவது அப்படி வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள். அதில் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ இருக்கலாம். இரண்டுமே உடலில் நீரைத் தேக்கும்; வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்து குடலில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும்; ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். இதய நோயாளியின் வீட்டில் அந்தப் பொட்டலத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

இரத்தக் கசிவைச் சொல்லும்போதே இரத்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரரின் விஷயத்தில் நான் மிகவும் சந்தேகப்படும் இரண்டு காரணங்களில் இது ஒன்று. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஸ்டென்ட் அடைபடாமல் காக்கின்றன. அதே வேலையால், வயிற்றிலோ குடலிலோ சிறிய புண் இருந்தால் இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கலாம். நோயாளிக்கு வலியும் தெரியாது, கண்ணுக்கும் எதுவும் படாது. நான்கைந்து மாதத்தில் அது ஒருவரை வெளிறிப்போக வைத்துவிடும். மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாகப் போகிறதா என்று அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நீங்கள் கொடுத்த இரும்பு டானிக்கும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், டானிக் தொடங்குவதற்கு முன்பே அப்படி இருந்ததா என்பதை நினைவுபடுத்திக் கேட்க வேண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்கிறோம். ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலில் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். இதயத் தளர்ச்சி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரும்புக் குறைவு இருக்கிறது என்பதும், அது மட்டுமே தனியாகக் களைப்பைத் தரும் என்பதும் இன்று நன்றாக நிறுவப்பட்ட செய்திகள். அதற்கு ஃபெரிடின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்னும் இரண்டு பரிசோதனைகள் வேண்டும். இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு ஃபெரிடின் 100க்குக் கீழே இருந்தாலும், 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் இரும்புக் குறைவு என்றே கொள்கிறோம்.

டானிக் ஏன் பலன் தரவில்லை என்று கேட்பீர்கள். இதயத் தளர்ச்சி உள்ளவர்களின் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதனால் மாத்திரையும் டானிக்கும் பெரும்பாலும் வீணாகின்றன, இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் இரும்பு மருந்தோ நடக்கும் தூரத்தையும் தெம்பையும் கூட்டுகிறது. பரிசோதனை செய்யாமல் டானிக்கைத் தொடர வேண்டாம் என்பதற்கு நம் நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. பர்மாவில் தலசீமியாவும் ஹீமோகுளோபின்-ஈ என்னும் பரம்பரை மாற்றமும் பரவலாக உள்ளன. அவற்றிலும் சிவப்பணுக்கள் சிறுத்து, பார்வைக்கு இரும்புக் குறைவு போலவே தோன்றும். அவை மட்டுமே உள்ளவர்களுக்கு இரும்பு தேவைப்படாது. நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு உடலில் மிஞ்சும் இரும்பு இதயத்திலேயே படிந்து அதைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் வழக்கம் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் சந்தேகப்படும் இரண்டாவது காரணம் உங்கள் அடுக்களையில் இருக்கிறது. அக்கறையோடுதான் கஞ்சி கொடுக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் கேளுங்கள். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் வைட்டமின் பி1 மிகவும் குறைவு. பலமுறை களைந்து கழுவி, கஞ்சியை வடித்துவிட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும். அந்த வைட்டமின் இல்லாமல் இதயத் தசையால் சர்க்கரையைச் சரியாக எரித்து ஆற்றலாக்க முடியாது. குறைபாடு முற்றினால் வரும் பெரிபெரி நோயில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயமே விரிந்து தளரும். பர்மாவில் கைக்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் ஒன்றாக இக்குறைபாடு அடையாளம் காணப்பட்டிருக்கிறது, ஆகவே இது நமக்குத் தொலைவான நோய் அல்ல. ஃப்ரூசமைட் எடுப்பவர்கள் சிறுநீர் வழியாகப் பி1-ஐக் கூடுதலாக இழக்கிறார்கள். வெற்றிலையோடு மெல்லும் பாக்கிலும், சாயம் இறங்கிய தேநீரிலும், நாம் ஊறல் போட்டுத் தின்னும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதைச் செயலிழக்கச் செய்கின்றன. வேகவைக்காமல் உண்ணும் நொதித்த மீனிலும் அதை அழிக்கும் பொருள் இருக்கலாம். வெள்ளரிசிக் கஞ்சி, பாக்கு, ஃப்ரூசமைட் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைக் கடிதத்தில் படித்ததுமே எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

நூறாண்டுகளுக்கு முன்பே இதில் தமிழர்களைப் பற்றிய ஒரு கவனிப்பு பதிவாகியிருக்கிறது. அன்றைய மலேயாவில் பெரிபெரி பரவியிருந்த காலத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் அந்நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பியதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்டார்கள். பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் அதைப் பற்றி நூலே எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. நம் பாட்டன்மார் தஞ்சையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் இங்கு வந்தபோது கொண்டுவந்த அந்தப் பழக்கம், இரண்டு மூன்று தலைமுறையில் பல வீடுகளில் மறைந்துபோயிற்று. புழுங்கலரிசி கிடைத்தால் மாறிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அரிசியை ஒருமுறை மட்டும் களைந்து, வடிக்காமல் பொங்குங்கள். காலையில் தெருவில் கூவி விற்கும் வேகவைத்த பட்டாணியை உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் வாங்குங்கள். பயறு, துவரை, உளுந்து, முட்டை, வேகவைத்த மீன் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகம் தளர்ந்திருப்பதாகப் பரிசோதனை சொன்னால் மட்டும் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பி1 மாத்திரை மலிவானது, தீங்கும் மிகக் குறைவு. சோதனைக் கூடத்தில் அதை அளக்கும் வசதி எங்கும் கிடைப்பதில்லை என்பதால், சந்தேகம் வலுவாக இருக்கும்போது கொடுத்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறோம். அதை உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

கஞ்சிக்குத் துணையாக வைக்கும் ஊறுகாயும் ஙப்பியும் அதைவிடக் கெடுதல் செய்கின்றன. ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது தலைதட்டிய ஒரு சிறு கரண்டி. ஊறுகாய், ஙப்பி, மீன் சாறு, அஜினமோட்டோ என்று வெவ்வேறு பெயரில் உள்ளே போவதும் சோடியம்தான். எண்ணெயை விலக்கிவிட்டு உப்பை உள்ளே விட்டதால் நீர் தேங்க, அதற்காக ஃப்ரூசமைட் கூட்டப்பட, அதனால் பி1 மேலும் குறைய, களைப்பு வளர்ந்துகொண்டே போயிருக்கலாம். பாக்கை அவர் விட்டே ஆக வேண்டும். அது இதயத் துடிப்பையும் பாதிக்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம். ஒரே நாளில் முடியாது என்றால் எண்ணிக்கையை வாரந்தோறும் குறைக்கட்டும்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் களைப்பு வரும். தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறதா என்பதை டி.எஸ்.எச். என்னும் ஒரே பரிசோதனை காட்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், விடாத இருமல் இருந்தால் காசநோயை மறக்கக் கூடாது. அது மிகுந்துள்ள நாடுகளின் பட்டியலில் பர்மாவும் உண்டு. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: பல நாள் நீடிக்கும் காய்ச்சலும் களைப்பும் சேர்ந்து வந்தால், வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். நோயைக் கண்டுபிடிக்க உதவும் இரத்தப் பரிசோதனையை அது மறைத்துவிடும்.

உறக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மின்சாரம் நின்ற இரவுகளில் விசிறி இல்லாமல் புழுங்கிக் கிடப்பவருக்குப் பகலில் தெம்பு எங்கிருந்து வரும்? அதோடு அவர் உரத்துக் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறாரா என்று அருகில் படுக்கும் நீங்கள்தான் சொல்ல முடியும். இதயத் தளர்ச்சி உள்ளவர்களிடம் இந்த உறக்கக் கோளாறு சாதாரணம். ஃப்ரூசமைடை மாலையில் கொடுக்கிறீர்கள் என்றால் சிறுநீருக்காகவே இரவில் நாலு முறை எழுந்திருப்பார். அதைக் காலைக்கோ பிற்பகலின் தொடக்கத்துக்கோ மாற்றலாமா என்று கேளுங்கள்.

அவர் கடைக்கு வருவதை நிறுத்தினார் என்ற வரியில் நான் சற்று நேரம் நின்றேன். பல ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடம் தமிழிலும் பர்மியத்திலும் பேசிப் பழகிய மனிதர் ஒருவர், வீட்டுத் திண்ணையில் சும்மா இருக்கிறார். மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மன அழுத்த நோய் வருகிறது. நம் ஆண்கள் அதை “மனசு சரியில்லை” என்று சொல்லமாட்டார்கள், “உடம்பு முடியவில்லை” என்றுதான் சொல்வார்கள். விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் இருப்பது, பேரப்பிள்ளைகள் வந்தாலும் முகம் மலராமல் இருப்பது, “இனி நான் எதற்கு” என்பது போன்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எல்லா மருந்தும் அப்படி அல்ல என்பதால் தூக்க மாத்திரை எதையும் நீங்களாக வாங்க வேண்டாம். சாக வேண்டும் என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வே களைப்பை வளர்க்கும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். படுத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்தவருக்கு அதே இதயத்தோடு அதே தூரம் நடப்பது கடினமாகிறது. கடினமாக இருப்பதால் மேலும் படுக்கிறார். நீர்த் தேக்கமும் நெஞ்சுத் தொல்லையும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின், சமதளத்தில் ஐந்து நிமிட நடையோடு காலையும் மாலையும் தொடங்கலாம். நடக்கும்போது உங்களோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. சொல் துண்டு துண்டாக வந்தால் நின்றுகொள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஓரிரு நிமிடம் கூட்டலாம். எத்தனை வீடு தாண்டி நடந்தார் என்று எழுதிவைத்தால் முன்னேற்றம் அவருக்கே தெரியும். பிறகு காலை வேளையில் ஒரு மணி நேரம் கடையில் உட்காரட்டும். மூட்டை தூக்குவதற்கு வேறு ஆள் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் எழுதிவைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். கடைக் கணக்கு எழுதிய கைக்கு இது எளிது. ஒரு நோட்டில் நாள்தோறும் எடை, நாடி, இரத்த அழுத்தம், சர்க்கரை, களைப்பு வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைப் பத்து நாள் எழுதட்டும். அதற்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது மாத்திரைப் பெயர்களை எழுதி எடுத்துச் செல்வதைவிட, வீட்டில் உள்ள அட்டைகள், புட்டிகள், டானிக், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேசையில் கொட்டிக் காட்டுவது நல்லது. முழு இரத்தப் பரிசோதனை, ஃபெரிடினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும், சிறுநீரகமும் உப்புகளும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, டி.எஸ்.எச்., பி12, ஈ.சி.ஜி., புதிய எக்கோ ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பணம் புரட்ட முடியாவிட்டால் முழு இரத்தப் பரிசோதனை, சிறுநீரகமும் உப்புகளும், ஈ.சி.ஜி. ஆகிய மூன்றையும் பெகுவிலேயே முதலில் செய்துகொண்டு, அந்த முடிவுகளோடு ரங்கூனுக்குப் போகலாம்.

அந்தப் பத்து நாள்கூடக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில உண்டு. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சிலோ தாடையிலோ இடக்கையிலோ அழுத்தம், மயங்கி விழுதல், வேர்த்துக் கொட்டிக் கைகால் சில்லிடுதல், தார்போன்ற மலம் அல்லது இரத்த வாந்தி, முகம் கோணுதல் அல்லது ஒரு பக்கம் தளர்தல் ஆகியவற்றில் எது வந்தாலும், எந்த நேரமானாலும், ரங்கூன் மருத்துவரைத் தேடிப் பயணம் போகாமல் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.